முதுகெலும்பு காத்திருப்பதில்லை: கருவின் மூன்றாம் வாரம் முதல் 25 வயது வரை

கல்யாணமாகி நாலு மாதம். மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. "இன்னும் பத்து பாஞ்சு நாள் போவட்டும்மா. இப்பவே வெளிய சொன்னா கண்ணு பட்டுடும். அப்புறமா நர்சம்மா கிட்ட சொல்லிக்கலாம்" என்கிறார் மாமியார். காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் காதில் விழும் பேச்சுதான் இது. அதில் பாசமும் உண்டு, பயமும் உண்டு. ஆனால் மாமியார் தள்ளிப்போடச் சொல்லும் அதே பத்துப் பதினைந்து நாளில், குழந்தையின் முதுகில் பிறகு திருத்தவே முடியாத ஒரு வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

கணக்கு இதுதான். மாதவிலக்குச் சுழற்சி 28 நாள் என்று வைத்துக்கொண்டால், கரு தரிப்பது ஏறக்குறைய 14-ஆம் நாள். அடுத்த மாதவிலக்கு வரவேண்டிய நாளில் கருவுக்கு வயது இரண்டு வாரம். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழல், கருவுற்ற 22-ஆம் நாள் வாக்கில் மூட ஆரம்பித்து 28-ஆம் நாள் வாக்கில் மூடி முடிக்கிறது. அதாவது நாள் தள்ளிப்போன இரண்டே வாரத்தில் எல்லாம் முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி, முதல் மாத்திரை அட்டை கைக்கு வரும்போது பெரும்பாலும் அந்தக் கெடு தாண்டியிருக்கும்.

முதுகெலும்பு ஒரே மூச்சில் வளர்வதில்லை. தவணை தவணையாக வளர்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கெடு. சில கெடுக்கள் மணிக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில். வீட்டில் நாம் நாள் குறிக்கும் விசேஷங்களோடு இந்தக் கெடுக்கள் ஒத்துப்போவது அபூர்வம். வளைகாப்பு ஆகட்டும், மஞ்சள் நீராட்டு ஆகட்டும், நாம் கொண்டாட உட்காரும்போது முதுகெலும்பு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டிருக்கும்.

எலும்புக்கு முந்தைய நாண்

மூன்றாம் வாரத்தில் கரு என்பது மூன்று அடுக்குள்ள ஒரு சின்னத் தட்டு. அதன் நடுவில், தலைப் பக்கம் முதல் வால் பக்கம் வரை, மெல்லிய தண்டாக ஒரு திசு உருவாகிறது. அதன் பெயர் முதுகுநாண். அது எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. ஆனால் மேலே இருக்கும் அடுக்கை நரம்பாக மாறச் சொல்வதும், பக்கத்தில் இருக்கும் திசுவை எலும்பாக மாறச் சொல்வதும் அதிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள்தான். மேல் அடுக்கு தடித்து, நடுவில் பள்ளமாகி, பள்ளத்தின் இரு கரைகளும் நெருங்கி ஒட்டிக் குழலாகிறது. முதலில் கழுத்துப் பகுதியில் ஒட்டி, அங்கிருந்து மேலும் கீழுமாகப் போகிறது. மேல் முனை 25-ஆம் நாள் வாக்கில் மூடுகிறது, கீழ் முனை கடைசியாக.

அந்த நாண் அப்புறம் என்ன ஆகிறது? பெரும்பகுதி கரைந்துபோகிறது. மிச்சம், இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்கின் மையத்தில் கூழாகத் தங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு 'டிஸ்க் பிதுங்கியிருக்கு' என்கிறார்களே, அங்கே பிதுங்குவது இந்த நாணின் வழிவந்த கூழ்தான்.

நரம்புக் குழலின் இரு பக்கமும் இருக்கும் திசு ஜோடி ஜோடியாகக் கட்டி கட்டியாகப் பிரிகிறது. இந்தக் கட்டிகளுக்கு சோமைட் என்று பெயர். 20-ஆம் நாள் வாக்கில் தலைப் பக்கத்தில் முதல் ஜோடி தோன்றும். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் 42 முதல் 44 ஜோடிவரை வந்துவிடும். வால் பக்கத்தில் சில பிறகு மறைந்துபோகும். இவை வரும் ஒழுங்கு விசித்திரமானது. அந்தத் திசுவில் உள்ள செல்களுக்குள் சில மரபணுக்கள் விட்டு விட்டு வேலை செய்கின்றன. ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஜோடி கட்டி பிரியும். ஒலிவியே பூர்கியேயின் ஆய்வுக் குழு 1997-ல் கோழிக் கருவில் இதைக் கண்டறிந்து வெளியிட்டது. கோழிக் கருவில் ஒரு சுற்றுக்கு 90 நிமிடம், எலியில் 2 மணி நேரம், மனிதச் செல்களில் ஏறக்குறைய 5 மணி நேரம். முதுகெலும்பின் கெடு மணிக்கணக்கில் என்று மேலே சொன்னது இதைத்தான். இந்தச் சில நாள்களுக்குள் ஏதாவது குளறுபடியானால் ஒரு முள்ளெலும்பு பாதியாக உருவாகலாம், அல்லது இரண்டு எலும்புகள் ஒரு பக்கம் பிரியாமலே ஒட்டிக்கொண்டு நிற்கலாம். பிறவியிலேயே வரும் முதுகு வளைவு பெரும்பாலும் இந்த வகை. அதே வாரங்களில்தான் சிறுநீரகமும் இதயமும் உருவாகின்றன. அதனால்தான் அப்படி ஒரு குழந்தை வந்தால் மருத்துவர் முதுகை மட்டும் பார்க்காமல் வயிற்று ஸ்கேனும் எக்கோவும் எழுதிக் கொடுக்கிறார். 'முதுகுக்கு வந்தா நெஞ்சை எதுக்குப் பாக்கறாங்க, காசு புடுங்கவா?' என்று வரிசையில் முணுமுணுப்பவர்களுக்கு இதுவே பதில்.

ஒவ்வொரு சோமைட்டின் உட்பகுதியிலிருந்தும் செல்கள் நகர்ந்துவந்து நாணையும் குழலையும் சூழ்ந்துகொள்கின்றன. சரி, ஒரு கட்டிக்கு ஒரு எலும்பு என்று நேராகப் போயிருந்தால் நாம் குனியவே முடியாது. தசையும் அதே கட்டியிலிருந்துதானே வருகிறது. ஒரு எலும்பின் மேலேயே ஒரு தசை உட்கார்ந்திருந்தால் அது எதை இழுக்கும்? இங்கே கரு ஒரு கொத்தனார் வேலை செய்கிறது. செங்கல் அடுக்கும்போது கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வராதபடி பாதி தள்ளி வைப்பார் இல்லையா, அதே போல ஒவ்வொரு கட்டியும் மேல் பாதி, கீழ் பாதி என்று பிளந்து, ஒன்றின் கீழ் பாதி அடுத்ததன் மேல் பாதியோடு சேர்ந்து ஒரு முள்ளெலும்பு ஆகிறது. தசை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தசையும் இரண்டு எலும்புகளுக்குப் பாலம் ஆகிறது. நரம்புகள் எலும்புகளுக்கு நடுவே வெளியே வருகின்றன. கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 என்ற கணக்கு மருத்துவ மாணவர்களைக் குழப்பும். அதற்கும் இந்தப் பாதி தள்ளல்தான் காரணம்: கழுத்துப் பகுதியின் முதல் கட்டியின் மேல் பாதி மண்டையோட்டோடு சேர்ந்துவிடுகிறது.

எந்த எலும்பு கழுத்து, எது மார்பு, எது இடுப்பு என்று முடிவு செய்வது ஹாக்ஸ் மரபணுக்கள். பாலூட்டிகளில் தேவாங்கு போல மெதுவாக நகரும் அமெரிக்க சுலாத், கடலில் வாழும் மனாட்டி என இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கழுத்தில் 7 எலும்புதான், ஒட்டகச்சிவிங்கி உட்பட. ஆனால் இடுப்பு முடிந்து திருவெலும்பு ஆரம்பிக்கும் எல்லையில் மனிதர்களிடம் கொஞ்சம் தளர்வு உண்டு. ஐந்தாம் இடுப்பெலும்பு கீழே உள்ள திருவெலும்போடு ஒட்டியே பிறப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். எக்ஸ்ரே அறிக்கையில் 'சாக்ரலைசேஷன் ஆஃப் எல் 5' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு, முதுகு தேய்ந்துபோச்சு என்று பயப்படத் தேவையில்லை. ஐந்தாறு வாரக் கருவாக இருந்தபோது நடந்த எல்லைத் தகராறு அது.

மூடாமல் போனால்

நரம்புக் குழலின் மேல் முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப் பகுதி மூடாவிட்டால், அந்த இடத்தில் முள்ளெலும்பின் பின்வளைவும் சேராமல் நின்று, தண்டுவடம் முதுகில் திறந்தபடியோ ஒரு பையாகப் பிதுங்கியோ இருக்கும். இதுதான் ஸ்பைனா பைஃபிடா. திறப்பு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்கள் செயலிழக்கும். சிறுநீர், மலம் இரண்டிலும் கட்டுப்பாடு இருக்காது. பல குழந்தைகளுக்குத் தலையில் நீரும் கோக்கும்.

இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 1991-ல் உறுதியானது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனை அது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்கு, கருத்தரிக்கும் முன்பே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். மறுபடி அப்படி நடப்பது 72 சதவீதம் குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முன்பு பாதிப்பு இல்லாத பெண்களுக்கு தினமும் 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது ஆரம்பித்து முதல் மூன்று மாதம் தொடர வேண்டும். செல்கள் பிரிந்து பெருக மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. கரு அந்த வாரங்களில் மிக வேகமாகப் பெருகுகிறது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தச் சத்து எப்போது கிடைக்கிறது? பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வாரத்துக்கு ஒன்று என்பது தினசரித் தேவைக்கு ஈடாகாது. அதையும் 'குமட்டுது' என்று எத்தனையோ பிள்ளைகள் விழுங்குவதில்லை. பள்ளி முடிந்ததும் அதுவும் நிற்கிறது. மறுபடி மாத்திரை கிடைப்பது கர்ப்பம் பதிவான பிறகு. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் குழல் மூடுகிறது. கீரையிலும் பயறிலும் ஃபோலேட் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு ஒரு பங்கு போய்விடும். உணவில் உள்ள வடிவத்தை உடல் உறிஞ்சுவதும் மாத்திரை அளவுக்கு இல்லை. என்னைக் கேட்டால், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்கும் வாரத்திலேயே மணப்பெண்ணுக்கு இந்த மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டும். தாலி கட்டிய மூன்றாம் மாதமே 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேட்கத் தெரிந்த உறவினர்களுக்கு, முன்கூட்டியே இதைக் கேட்கவும் தெரியலாம்.

இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தரிக்கும் முன்பே தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்து அது கட்டுப்படாமல் இருந்தால் முதுகெலும்புக் குறைகளின் வாய்ப்பு கூடுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தும் அப்படித்தான். இரண்டையும் கர்ப்பம் தெரிந்த பிறகு சரிசெய்யப் பார்த்தால் காலம் கடந்துவிடும். அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்வதுதான் வழி.

முதுகு மூடவில்லை என்பது 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவுக்குக் கடுமையான குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால், பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் முதுகை மூடும் அறுவை சிகிச்சை. அதன் பிறகும் பாதை நீளமானது. இந்தக் குழந்தைகளின் உயிருக்கு நாளடைவில் வரும் பெரிய ஆபத்து காலில் இல்லை, சிறுநீரகத்தில். சிறுநீர்ப்பையில் தேங்கும் சிறுநீர் மேலே திரும்பி சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்துவிடும் முறையை அம்மாவே கற்றுக்கொண்டால் அதைத் தடுக்கலாம்.

இப்படிப்பட்ட நீண்ட கால வேலையில் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் ஆரம்பித்தது இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, இந்தத் துறையை இங்கே உருவாக்கினார். 1966-ல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. தண்டுவடம் கெட்டால் படுக்கைதான் என்ற நினைப்பை இந்தப் பக்கத்தில் முதலில் உடைத்தது அந்த வளாகம்.

பாட்டி குளிப்பாட்டும்போது

ஆறாம் வாரத்தில் முள்ளெலும்புகளின் அச்சு குருத்தெலும்பாகிறது. அந்த வாரங்களில் கருவுக்கு ஒரு வாலும் உண்டு. எட்டாம் வாரம் முடிவதற்குள் உள்ளிழுத்து மறைந்துவிடும். எட்டாம் வாரம் முதல் எலும்பாதல் தொடங்குகிறது. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் மூன்று மையங்கள்: முன்னால் உடல் பகுதிக்கு ஒன்று, பின்வளைவுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. பிறக்கும்போதும் இவை மூன்றும் சேர்ந்திருக்காது, நடுவில் குருத்தெலும்புதான். பின்வளைவின் இரு பாதிகளும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், இடுப்பில் ஆரம்பித்து மேல்நோக்கிச் சேர்கின்றன. வளைவும் உடல் பகுதியும் ஒட்டுவது மூன்று வயது முதல் ஆறு வயதுக்குள். சிலருக்குத் திருவெலும்பின் பின்வளைவு கடைசிவரை சேர்வதில்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் 'ஸ்பைனா பைஃபிடா ஒக்கல்டா' என்று வரும். பெயர் பயமுறுத்தும். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

எலும்பும் தண்டுவடமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூன்றாம் மாதக் கருவில் தண்டுவடம் கால்வாயின் கடைசிவரை நிறைந்திருக்கும். அதன் பிறகு எலும்பு வேகமாக நீள்கிறது, தண்டுவடம் பின்தங்குகிறது. பிறக்கும்போது அதன் நுனி இடுப்பின் இரண்டாம், மூன்றாம் எலும்பருகே இருக்கும். சில மாதத்தில் பெரியவர்களைப் போல முதல், இரண்டாம் எலும்பருகே ஏறிவிடும். அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும் நீரில் தொங்குகின்றன. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி அந்தக் கீழ்ப் பகுதியில்தான் போகிறது. அந்த உயரத்தில் ஊசி குத்துவதற்குத் தண்டுவடமே இல்லை. 'சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்க, அன்னிலேர்ந்து இடுப்பு வலி' என்று சொல்லாத வீடு இல்லை. குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். ஆண்டுக்கணக்கான வலிக்கு ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி, குனிந்து, தூக்கம் கெட்டு, வயிற்றுத் தசை தளர்ந்து கிடக்கும் மாதங்கள் அவை. அதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியின் மேல் பழி போடுவது சுலபம்.

தண்டுவடம் மேலே ஏற வேண்டும் என்றால் அதன் நுனி எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குக் கொழுப்புக் கட்டியோ தடித்த நாரோ அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். குழந்தை வளர வளர நரம்பு இழுபடும். நன்றாக ஓடிய பிள்ளை நாலைந்து வயதில் ஒரு காலைச் சாய்த்து நடக்கும். படுக்கையை நனைப்பது நின்றுபோன பிள்ளைக்கு அது திரும்ப வரும். இதற்கான தடயம் பிறந்த அன்றே முதுகில் தெரியலாம். இடுப்புக்குக் கீழே, நடுக்கோட்டில், ஒரு கொத்து முடி, மெத்தென்ற வீக்கம், சிவந்த தழும்பு, ஆசனவாய்க்கு நன்கு மேலே ஆழமான குழி. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் காட்டிவிட வேண்டும். முதல் சில மாதம் என்றால் பின்வளைவு இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே உள்ளே பார்க்கலாம், பிறகு எம்.ஆர்.ஐ.தான். பிட்டத்தில் படர்ந்திருக்கும் நீலத் தேமல் வேறு, அது நம் குழந்தைகளுக்குச் சகஜம். அதே போல ஆசனவாயை ஒட்டி இருக்கும் சின்னக் குழியும் பெரும்பாலும் ஒன்றுமில்லாதது.

இதைக் கவனிக்கச் சரியான ஆள், குளிப்பாட்டும் பாட்டிதான். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, அதன் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தடவி மேலிருந்து கீழே நீவுவார். எந்த மருத்துவரும் அந்த முதுகை அவ்வளவு நேரம் அவ்வளவு வெளிச்சத்தில் பார்க்கப்போவதில்லை. அப்படிக் குப்புறக் கிடக்கும் குழந்தை தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதும் ஒரு வேலையைச் செய்கிறது. பிறந்த குழந்தையின் முதுகு, கருப்பையில் சுருண்டிருந்தபடியே, ஏறக்குறைய ஒரே வளைவு. தலை நிற்கும் மூன்று நான்கு மாதத்தில் கழுத்து முன்னோக்கி வளைகிறது. நிற்கவும் நடக்கவும் ஆரம்பித்த பிறகே இடுப்பு வளைவு உருவாகிறது. அது வளரிளம் பருவம்வரை கூடிக்கொண்டே போகும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இந்த வரிசையைக் கண்ணால் பார்த்தே பருவம் பிரித்து வைத்தார்கள். ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் நிமிர்ந்து உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்து அடியெடுத்து வைப்பது வருகை. கழுத்து வளைவு, தானாக நிமிர்ந்து உட்காரும் முதுகு, இடுப்பு வளைவு என்று எக்ஸ்ரே வரிசையும் இப்படியேதான் போகிறது. மாதக் கணக்கில் மட்டும் கறாராக இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட ஐந்து இடங்களில் பார்த்ததில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடந்தது சுமார் 8 மாதம் முதல் 18 மாதம்வரை எப்போது வேண்டுமானாலும். 'பக்கத்து வீட்டுப் பாப்பா நடக்குது' என்று சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைப்பதால் நடை சீக்கிரம் வராது. படியில் உருண்டு விழும் ஆபத்துதான் கூடும். கனடா 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டது. குழந்தை தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் மர நடைவண்டி எவ்வளவோ மேல், பக்கத்தில் ஆள் இருந்தால்.

தூளியில் போட்டால் முதுகு கூனிவிடுமா என்றும் கேட்கிறார்கள். அந்த வயதில் முதுகே ஒரே வளைவுதான். தூளி புதிதாக எதையும் வளைப்பதில்லை. தூக்கத்தில் மூச்சு முட்டாமல் இருக்க, சமமான கெட்டியான படுக்கையில் மல்லாந்து படுக்கவைக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக.

தையல்கார அக்கா கண்டுபிடித்தது

நெஞ்சின் முதல் எலும்பிலிருந்து இடுப்பின் கடைசி எலும்புவரை பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். முதல் ஐந்து ஆண்டில் 10 சென்டிமீட்டர் கூடுகிறது. அடுத்த ஐந்து ஆண்டில் 5 மட்டும். பூப்புக் காலத்தில் மறுபடி 10 வரை. தண்டுவடம் போகும் கால்வாயின் அகலம் மட்டும் இந்த அவசரத்தில் சேர்வதில்லை, ஐந்து வயதிலேயே பெரியவர்கள் அளவை ஏறக்குறைய எட்டிவிடுகிறது.

பத்து வயதுக்கு மேல் வரும் இரண்டாம் வேகத்தில்தான் ஸ்கோலியோசிஸ் என்ற பக்கவாட்டு வளைவு தலைகாட்டுகிறது. முதுகு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இருக்கும். பெரும்பாலும் சிறிய வளைவு, ஒன்றும் செய்யத் தேவையில்லை. வளைவு பெரிதாகிச் சிகிச்சை தேவைப்படுவோரில் பெண் பிள்ளைகளே மிக அதிகம். புத்தகப் பை காரணமில்லை. 2020-ன் பள்ளிப் பைக் கொள்கை பை எடை உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது, தோள்வலிக்கு அது நல்லது. அதைக் கடைப்பிடித்தாலும் இந்த வளைவு வருகிறவருக்கு வரும். உட்காரும் விதமும் காரணமில்லை. 'நேரா உக்காருடி' என்று திட்டு வாங்கிய பிள்ளைகள் பாவம்.

வலி இருக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. தளர்ந்த சுடிதாரும் அதன் மேல் துப்பட்டாவும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ரவிக்கைக்கோ சுடிதாருக்கோ அளவெடுக்கும்போது, "அக்கா, பாப்பாவுக்கு ஒரு தோளு எறங்கிக்கீதே, பாத்தியா?" என்று தையல்கார அக்கா சொல்லித்தான் பல வீடுகளில் தெரியவருகிறது. உறுதிப்படுத்த ஒரு நிமிடம் போதும். பிள்ளையைக் காலைச் சேர்த்து நிற்கவைத்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு இடுப்பில் முன்னால் குனியச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், ஒரு பக்க விலா மேடாக எழும்பியிருப்பது தெரியும். இருந்தால் எக்ஸ்ரே.

இங்கே கெடு மிகக் கறார். பெண் பிள்ளைகள் உச்ச வேகத்தில் வளர்வது வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓராண்டு வாக்கில். மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் வரிசை வந்து இறங்கும்போது அந்த வேகம் தணிய ஆரம்பித்திருக்கும்; அதன் பிறகு கூடும் உயரம் பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். வளைவு மோசமாவதும் அந்த வேகத்தோடு சேர்ந்துதான். ஒரு பக்கம் அழுத்தம் கூடிய எலும்பு அந்தப் பக்கம் மெதுவாக வளர்கிறது, மறுபக்கம் வேகமாக. வளைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. வளர்ச்சி மிச்சமிருக்கும்போது 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால் பிரேஸ் என்ற கவசம் போடலாம். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களிடம் 90 சதவீதத்தைத் தாண்டியது.

இதை வேலூர் வெயிலில் நினைத்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அக்குளிலிருந்து இடுப்புவரை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசத்தைப் பள்ளிச் சீருடைக்குள் மாட்டிக்கொண்டு உட்காருவது சின்ன விஷயமில்லை. உள்ளே தைப்பில்லாத பருத்தி பனியன், வியர்த்தால் மாற்ற இன்னொன்று, மாலை முதல் மறுநாள் காலைவரை போட்டு மணிக்கணக்கைச் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. இதைவிடப் பெரிய தடை வீட்டில்தான் இருக்கிறது. 'வெளிய தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது' என்று மூடி வைக்கிறார்கள். பதினொரு வயதில் மறைத்த 28 டிகிரி, பதினைந்தில் 50 டிகிரியாக நிற்கலாம். அப்போது பிரேஸுக்கு வேலையில்லை, கம்பி வைத்துக் கட்டும் அறுவை சிகிச்சைதான்.

கடைசித் தவணைகள்

பூப்பு வயதில் ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் ஐந்து புதிய எலும்பு மையங்கள் தோன்றி, 25 வயது வாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. திருவெலும்பின் ஐந்து துண்டுகளும் அதே காலத்தில் ஒன்றாகின்றன. தனித்தனியாக 33 என்று எண்ணியவை முடிவில் 26 எலும்பு. அதுவரைக்கும் கால்சியம் சேர்த்து வைக்கலாம். இந்தப் பக்கத்துக் கேழ்வரகுக் களியில் அது தாராளம், 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல்.

டிஸ்குகளின் கணக்கு மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது. பிறந்த குழந்தையின் டிஸ்குகளுக்கு ரத்தக் குழாய்கள் வருகின்றன. வளர வளர அவை மறைந்துபோய், பதின்ம வயதுக்குள் டிஸ்க் ரத்தமே போகாத உறுப்பாகிவிடுகிறது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் அந்த வயதிலேயே டிஸ்கில் தேய்மானத்தின் முதல் அடையாளங்களை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பிறகு அது வாழ்வது முழுக்க ஊறல் மூலம்தான். படுத்துத் தூங்கும்போது நீரை உறிஞ்சிக்கொள்ளும், நாள் முழுக்க எடை தாங்கும்போது விட்டுவிடும். காலையில் நாம் மாலையைவிட ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உயரம். போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கப் போகிறவர்கள் விடிந்ததும் அளந்துவிட்டால் நல்லது என்று பேசிக்கொள்வதில் உண்மை இருக்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்து, கழுத்தைக் கவிழ்த்து மணிக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். 'எங்கம்மாவுக்கு வந்த இடுப்பு வலி எனக்கும் வருமா?' என்று கேட்டால், ஓரளவு ஆமாம்தான். டிஸ்க் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிச்சப் பங்கில் நம் கையில் இருப்பது அசைவு. ஒரே நிலையில் அமுங்கிக் கிடக்கும் டிஸ்குக்குள் புதிய நீர் போவதில்லை. ஒரு கட்டு முடிந்ததும் முறத்தை இறக்கி வைத்து எழுந்து, தெருக்கோடிவரை போய் வந்தால் அழுத்தம் மாறுகிறது. அப்போதுதான் சத்து உள்ளே போகவும் கழிவு வெளியே வரவும் முடிகிறது.